செருப்புக் கடையில் கேட்ட கேள்வி

பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பூட்டு மேடம் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. மாணவர்கள் வைக்கிற பட்டப்பெயருக்கெல்லாம் அப்பன் ஆத்தாள் யாரென்று யார் தேடுவது? ஆனால் சும்மா சொல்லக் கூடாது, பொருத்தமான பெயர். அவள் காதுக்கு ஒரு விஷயம் போனால் போனதுதான், ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. பாலியல் தொல்லைக்கு ஆளான மாணவர்கள் வந்து பேசுகிற அறை அவளுடையது. அங்கே போனால் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயமில்லை. அழுதுவிட்டுப் போகலாம், வகுப்பை மாற்றித் தரச்சொல்லிக் கேட்கலாம், டாக்டரிடம் துணைக்குக் கூப்பிடலாம், ஒன்றுமே பேசாமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டும் போகலாம். என்ன செய்வது என்பதை வந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரைக் கேட்காமல் ஒரு துரும்பும் நகரக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம்.

அந்த அறை அமைந்த இடமே ஒரு தந்திரம்தான். மருத்துவ நிலையத்தின் மாடியில், கண் பரிசோதனைக்கும் பல் டாக்டருக்கும் போகிற அதே படியில்தான் அங்கேயும் ஏற வேண்டும். ஏறுகிறவரைப் பார்த்துப் "பல்வலியா?" என்று கேட்கலாமே ஒழிய, வேறு எதையும் ஊகிக்க முடியாது. வருவதற்கு ஒரு கதவு, போவதற்கு வேறொரு கதவு. முன்மேசையில் இருந்த அம்மாள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "பச்சைச் சட்டை, நீங்க உள்ள போங்க" என்பார். ஒருநாள் பூட்டு மேடத்தைப் பார்க்க ஒரு வெள்ளைச் சட்டையும், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சின்ன மேடத்தைப் பார்க்க இன்னொரு வெள்ளைச் சட்டையும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்துவிட, "பித்தான் அறுந்த வெள்ளைச் சட்டை" என்று கூப்பிட்டுத் தொலைத்தார். அந்தப் பையன் அழ வந்தவன், சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

புதிதாக வருகிற எல்லோரிடமும் பூட்டு மேடம் முதலில் சொல்கிற பேச்சு ஒன்று உண்டு. "இதோ பாரு, வெளியில எங்கேயாவது என்னைப் பாத்தா, நான் உன்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்க மாட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறாளேன்னு கோவிச்சுக்காதே. நீயா வந்து பேசினா நான் பேசுவேன். இல்லைன்னா நீ யாரோ, நான் யாரோ." சொன்னதை அவள் எழுத்துப் பிசகாமல் செய்தும் வந்தாள். அவளுடைய கணவருக்கு அது ஒரு வேடிக்கை. "உன்கூடக் கடைத்தெருவுக்கு வந்தா எனக்கு நல்லாப் பொழுது போகுது. நீ யார் யாரைப் பாக்காமப் போறேன்னு பாத்துக்கிட்டே வருவேன்" என்பார். ஆனால் யார், என்ன என்று அந்த மனிதர் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஒருநாள் வாய் தவறியது. அதுவும் யார் விஷயத்தில்? விதைக்காரி விஷயத்தில்.

விதைக்காரி என்பது பூட்டு மேடம் மனசுக்குள் வைத்துக்கொண்ட பெயர். அந்தப் பெண் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. முதலில் வந்து உட்கார்ந்த அன்று அவள் பேசியதெல்லாம் விதைகளைப் பற்றித்தான். ஈரத்தாள் விரித்த தட்டில் விதைகளைப் பரப்பி வைப்பது, தினமும் எத்தனை முளைத்தன என்று பார்ப்பது, தண்ணீர் கொஞ்சம் கூடினால் அழுகுவது, குறைந்தால் கருகுவது. பூட்டு மேடம் குறுக்கிடாமல் கேட்டாள். விதைப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கேயோ வந்து சேரும் என்பது தெரியும். மூன்றாவது நான்காவது சந்திப்பில் வந்தது. விதைகளைச் சேமித்து வைக்கிற குளிர் அறை, உள்ளிருந்து தள்ளினால் சட்டென்று திறக்காத கனத்த கதவு, அவளுக்குப் பின்னாலேயே உள்ளே வந்து கதவைச் சாத்திய வழிகாட்டிப் பேராசிரியர். துறையில் அவருக்கு எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

"நீ என்ன செய்யணும்னு நினைக்கிறியோ அதைத்தான் செய்யப் போறோம்" என்றாள் பூட்டு மேடம். "புகார் கொடுக்கணும்னா கூடவே நிப்பேன். வேண்டாம்னா அதுவும் சரி."

அவள் புகார் இப்போது வேண்டாம் என்றாள். வேறு வழிகாட்டி, வேறு கட்டடத்தில் ஒரு மேசை, அவ்வளவு போதும். அப்புறம் இன்னொன்று சொன்னாள். "அக்காவுக்குத் தெரியக் கூடாது மேடம். அதாவது, வேற யாரும் சொல்லித் தெரியக் கூடாது. நான் சொல்லுவேன். கருத்தரங்குல கட்டுரை வாசிச்சுட்டு வந்து, பாரு, எனக்கு ஒண்ணும் ஆகலை, நான் நிக்கிறேன்னு காட்டிட்டு அப்புறம் சொல்லுவேன். இப்பவே சொன்னா அவ முதல்ல படிப்பை நிறுத்துவா, அதுக்கப்புறம்தான் அழுவா."

அந்த அக்காதான் அவளுக்கு அம்மா, அப்பா, வீடு எல்லாம். பெற்றவர்கள் போன பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்தவள். ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை. ஊர் முழிக்கும் முன்னே எழுந்து போய்விடுவாள், பொழுது சாய்ந்ததும் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிடுவாள். பக்கத்தில் படுத்திருக்கிற தங்கை விடிய விடியக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

பூட்டு மேடம் மேலிடத்தில் பேசி, காரணம் சொல்லாமலே காரியத்தை முடித்தாள். மேசை கிடைத்தது. ஒரு கெட்டிக்கார அம்மாள் வழிகாட்டியாக ஒப்புக்கொண்டார். மிச்சம் இருந்தது, குளிர் அறையில் இருந்த விதைப் பெட்டிகளை எடுத்து வருவது மட்டும்.

"நான் வேணா கூட வரட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம் மேடம். நானே போய் எடுக்கணும். எடுத்துட்டு வந்து உங்ககிட்ட சொல்றேன்" என்றாள் விதைக்காரி.

போனவள் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. "உங்க ஆளு இன்னைக்கும் காணோம்" என்று முன்மேசை அம்மாள் எட்டிப் பார்த்துச் சொன்னார். போன் செய்யவும் கூடாது. வராதவர்களை அவர்கள் தேடிப் போவதில்லை. வீட்டில் யார் எடுப்பார்களோ, யார் பக்கத்தில் இருப்பார்களோ, யார் கண்டது? பெட்டியை எடுக்கப் போன இடத்தில் அந்த ஆள் இருந்திருப்பானோ, மறுபடி கதவு சாத்தியிருக்குமோ, பெண் எங்கேயாவது போய் எதையாவது செய்துகொண்டிருப்பாளோ என்று மனசு போகாத இடமில்லை. 

அந்த வார விடுமுறையில் கணவருக்குச் செருப்பு வாங்கப் போனார்கள். அவர் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் வந்து, "இது கடிக்குமா, கடிக்காதா?" என்று செருப்பையே கேட்டுக்கொண்டிருந்தார். பூட்டு மேடம் திரும்பினாள். அலமாரிக்குப் பக்கத்தில் விதைக்காரி நின்றுகொண்டிருந்தாள். ஒற்றைக் காலில் புது ஷூ. எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டு, பல் தெரிய. இத்தனை நாளில் அந்தப் பெண்ணின் பல்லைப் பூட்டு மேடம் பார்த்ததே இல்லை.

உயிரோடு இருக்கிறாள். சிரிக்கிறாள். அவ்வளவுதான், பூட்டு மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரம் நெஞ்சில் வைத்திருந்த பாரம் சட்டென்று இறங்கியதில் கூடவே புத்தியும் இறங்கிப் போயிற்று.

"அடிப்பாவி! எங்கே போயிட்ட நீ? ரெண்டு வாரமா வரலையே, நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டேன். இப்பவாவது ராத்திரி தூக்கம் வருதா?"

விதைக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் பூட்டு மேடத்துக்குத் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. அதற்குள் அலமாரிக்குப் பின்னால், தரையில் குந்தி இன்னொரு ஷூவின் நாடாவைத் தளர்த்திக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். நெற்றியில் முடி ஒட்டிய, தடித்த கைகளில் அடுப்பு சுட்ட தழும்புகள் உள்ள பெண். தங்கை கட்டுரை வாசிக்கப் போகிறாள், மேடையில் நிற்கிறவள் காலில் நல்ல ஷூ வேண்டாமா என்று தன் கையால் மாட்டிப் பார்க்க வந்திருந்தாள்.

"யாருடி இவங்க?"

"எங்க டீச்சர்" என்றாள் தங்கை.

"நான் லைப்ரரில வேலை பாக்கறேங்க" என்றாள் பூட்டு மேடம்.

இரண்டு பொய்யும் ஒரே மூச்சில் வந்து ஒன்றின் மேல் ஒன்று மோதிக்கொண்டன. அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் நல்லவள், எப்படியாவது நம்பிவிடத்தான் பார்த்தாள். "லைப்ரரி டீச்சரா?" என்று சிரித்துக்கொண்டே இரண்டையும் சேர்த்துத் தைத்தும் பார்த்தாள். ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதானே.

"தூக்கம் வருதான்னு கேட்டீங்களே? இவ என் பக்கத்துலதான் படுக்கிறா. நல்லாத்தானே தூங்கறா?"

அங்கேயாவது வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். இல்லை, சரிக்கட்டப் போனாள். "பரீட்சை நேரம் இல்லையா, எல்லாப் பிள்ளைங்களையும் கேக்கறதுதாங்க."

"இவளுக்கு ஏதுங்க பரீட்சை? இவ ஆராய்ச்சி இல்ல பண்றா?"

"அக்கா, போலாம்" என்றாள் தங்கை. ஒற்றை ஷூவைக் கழற்றி வைத்தாள். கடைக்காரர், "அந்த ஜோடியே நல்லா இருந்துச்சேம்மா" என்று பின்னாலேயே போனார். அவர்கள் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அக்கா ஏதோ கேட்பதும், தங்கை தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பதும் தெரிந்தது.

பூட்டு மேடம் அங்கே போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.  கணவர் புதுச் செருப்பைக் கழற்றிப் பழையதை மாட்டிக்கொண்டு வந்தார். "வா, வீட்டுக்குப் போவோம்" என்றார். அன்றைக்கும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எத்தனை வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தது! விரோதத்தால் போகவில்லை, அசட்டையால் போகவில்லை, பாசத்தால் போயிற்று. இந்தப் பாசம் இருக்கிறதே, அதற்கு ரொம்ப வாய் நீளம். நான் சொல்வது அவளுக்காகப் பரிந்துகொண்டு இல்லை. தவறு தவறுதான்.

வேலைக்குப் போன அன்றே, யாரென்று மட்டும் சொல்லாமல், தன் பிரிவின் தலைவரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர், "நாமளும் மனுஷங்கதானே" என்றார். கூட இருந்த சின்ன மேடம், "நல்லதுக்குத்தானே கேட்டீங்க மேடம், விடுங்க" என்றாள். சின்ன மேடத்துக்கு இளகிய மனசு, யார் கலங்கினாலும் உடனே ஓடி வந்து தடவிக்கொடுக்காவிட்டால் அவளுக்கு ஆகாது. பூட்டு மேடத்துக்கு அந்த ஆறுதல்தான் ஆகவில்லை. நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டு எத்தனை பேர் அந்தப் பெண்கள் வாழ்க்கையில் மூக்கை நுழைத்திருக்கிறார்கள் என்பதைத் தினமும் கேட்கிறவள் அவள். தானும் அந்த வரிசையில் போய் நின்றாயிற்று. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் யாரிடம், எப்படிக் கேட்பது? போன் செய்தால் அக்கா எடுப்பாள். காத்திருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

தங்கை வரவில்லை. அக்கா வந்தாள்.

அவள் முதலில் நூலகத்துக்குப் போயிருக்கிறாள். "கிராப்பு வெட்டின, நரைச்ச தலை, தாடையில மச்சம், லைப்ரரி டீச்சர்" என்று அங்கே விசாரித்திருக்கிறாள். அப்படி ஒரு டீச்சரே கிடையாது என்று சிரித்திருக்கிறார்கள். வாசலில் நின்ற ஒரு மாணவன், "அட, பூட்டு மேடமா? மருத்துவ நிலைய மாடி" என்று வழி காட்டிவிட்டான். ஊரில் ரகசியமாக இருந்தது என்ன, யார் வந்து போகிறார்கள் என்பதுதானே. அந்த அறையில் இருப்பது யார் என்பது ஊரறிந்த விஷயம்.

"பல் டாக்டர் அந்தப் பக்கம்மா" என்றார் முன்மேசை அம்மாள், வழக்கப்படி.

"என் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா நேராக உள்ளே வந்தாள்.

உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வேலையிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும், முழங்கை வரை மாவு காய்ந்திருந்தது. சுவரைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். அங்கே புத்தகம் ஒன்றும் இல்லை.

"நீங்க லைப்ரரி இல்ல."

"இல்லைங்க. அன்னைக்கு நான் சொன்னது பொய். மன்னிச்சுக்கோங்க."

"பரவாயில்ல. என் தங்கச்சிக்கு என்ன ஆச்சு? அதை மட்டும் சொல்லிடுங்க, நான் போயிடறேன்."

பூட்டு மேடம் கைகளைக் கோத்துக்கொண்டாள். "இங்கே யார் வர்றாங்க, யார் வரலைங்கறதை என்னால யார்கிட்டயும் சொல்ல முடியாதுங்க. அப்பா அம்மாவே வந்து கேட்டாலும் அதேதான்."

"அப்பா அம்மா இல்லைங்க. நான்தான்."

"தெரி..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். தெரியும் என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தானே.

அக்கா அதைக் கவனித்தாளோ என்னவோ, பேச ஆரம்பித்துவிட்டாள். "அன்னைக்குக் கடையிலேர்ந்து போனதுமே கேட்டேன். ஒண்ணும் இல்லேன்னா. மறுபடி கேட்டேன். விட முடியுங்களா? வியாதியான்னு கேட்டேன். யாராவது மிரட்டறாங்களான்னு கேட்டேன். எதுக்கும் வாயைத் திறக்கலை. கடைசியில, வயித்துல ஏதாவது வாங்கிக்கிட்டியாடின்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவ என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க, செத்தாலும் மறக்காது. அதுலேர்ந்து பேச்சு இல்ல. ஆராய்ச்சிக்கும் போகலை. அந்த விதைங்களுக்குத் தண்ணி விடணும், நாள் தவறினாப் போச்சுன்னு எங்கிட்டயே சொல்லுவா. இப்போ போர்வையை இழுத்து மூடிக்கிட்டுக் கிடக்கிறா. கட்டுரை வாசிக்கப் போற நாள் வருது, அதைப் பத்தின பேச்சையும் காணோம்."

கண்ணைத் துடைத்தாள். மாவு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"இத்தனை வருஷமாப் பக்கத்துலயே படுத்திருக்கிறேன். அவ தூங்கலைங்கறது யாரோ ஒரு வெளியாளுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலையே. அதுதாங்க எனக்கு ஆறலை."

ஒரு வார்த்தை போதும். உன் தங்கை எந்தத் தப்பும் செய்யவில்லை, உன்மேல் அவளுக்கு உயிர், உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஒரு வார்த்தை. எதிரே இருக்கிறவள் அந்த ஒரு வார்த்தையில் எழுந்து வீட்டுக்கு ஓடிப் போய்த் தங்கையைக் கட்டிக்கொள்வாள். பூட்டு மேடத்துக்குத் தொண்டை வரை வந்தது. பொதுவாகச் சொல்வதுபோல் சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். "பொதுவா ஒரு பொண்ணு பேசாம இருந்தா" என்று ஆரம்பிக்கிற அந்த வழி அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அக்கா பச்சைக் குழந்தையா என்ன? பொதுவாக என்று ஆரம்பித்தால் அதற்குள் தங்கை இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவாள். ஏற்கெனவே ஒருமுறை அந்தப் பெண்ணைக் கேட்காமல் வாயைத் திறந்தாயிற்று. இனி ஒருமுறை கூடாது.

"நீங்க உங்களைப் பத்திப் பேசலாம்" என்றாள். "உங்க கவலையைப் பத்தி. அதுவும் இந்த அறையை விட்டு வெளியே போகாது."

"என்னைப் பத்திப் பேச என்ன இருக்கு? நான் ரொட்டி சுடறவ." அக்கா எழுந்தாள். குரல் உயரவில்லை, அதுதான் கொடுமை. "அன்னைக்குச் செருப்புக் கடையில, நாலு பேர் நடுவுல, கேக்காமயே வந்துச்சு. இங்கே கதவைச் சாத்திக்கிட்டு உங்ககிட்டக் கெஞ்சறேன், வரமாட்டேங்குது. உங்க வாய் என்ன வாயோ, எனக்குப் புரியலைங்க."

அவள் போன பிறகு பூட்டு மேடம் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. அக்கா சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. முன்மேசை அம்மாள் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, வழக்கமாகச் சொல்கிற கேலி எதையும் சொல்லாமல் போய்விட்டார்.

கருத்தரங்கு நடந்தது, முடிந்தது. அதன் பிறகு ஒருநாள், சொல்லிவைக்காமல், விதைக்காரி வந்து வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். உள்ளே வந்தாள், ஆனால் உட்காரவில்லை.

"கட்டுரை வாசிக்கப் போகலை மேடம்" என்றாள். "பெட்டிங்களை அப்பவே எடுத்துட்டேன், கட்டுரை வேலையில வந்து சொல்லத்தான் முடியலை. இப்போ விதையெல்லாம் காஞ்சு போச்சு. மறுபடி முதல்லேர்ந்து போடணும். புது வழிகாட்டி ஒண்ணும் சொல்லலை, போடுன்னாங்க."

"மன்னிச்சுக்கோம்மா" என்றாள் பூட்டு மேடம். "நான் செஞ்சது தப்பு." அதற்கு மேல் சாக்கு எதுவும் சேர்க்கவில்லை.

விதைக்காரி தலையசைத்தாள். "அக்கா இங்கே வந்தாளாம். நீங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லலைன்னு வீட்டுல வந்து திட்டினா. அதைக் கேட்டப்போதான் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்துச்சு. அதுக்கு நன்றி." ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். "அக்காவுக்கு இப்போ எல்லாம் தெரியும்."

"நீ சொன்னியா?"

"சொன்னேன்னு சொல்ல முடியாது. அவ கேட்டுக்கிட்டே இருந்தா. இதுவா, அதுவா, ஆமாவா, இல்லையா. ஒரு கேள்விக்குத் தலையை ஆட்டினேன். அப்புறம் ஒண்ணொண்ணாக் கேட்டா, ஒண்ணொண்ணுக்கும் ஆட்டினேன். எப்படிச் சொல்லணும், எந்த வார்த்தையில ஆரம்பிக்கணும்னு எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன் மேடம். கடைசியில தலையை ஆட்டித்தான் சொன்னேன்."

"படிப்பை நிறுத்தச் சொன்னாங்களா?"

"இல்ல. அதுதான் வேடிக்கை. பேக்கரிக்கு லீவு போட்டுட்டு என் பக்கத்துலயே உக்காந்திருக்கா. இப்பவும் கீழே நிக்கிறா. நான்தான் அவளைத் தப்பா நெனச்சிருந்தேன் போல. நானாச் சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். இனிமே அது தெரியப் போறதில்ல."

பூட்டு மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் அழுததே இல்லை, இப்போதும் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுதால் இந்தப் பெண் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அது எந்த ஊர் நியாயம்?

"நீங்க நல்ல மனசோடதான் கேட்டீங்க" என்றாள் விதைக்காரி, மெதுவாக. "எனக்கும் தெரியும். ஆனா என்னைக் கேக்காம எனக்கு நடந்த ரெண்டாவது விஷயம் அது."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தட்டில் முளைத்ததை எண்ணிச் சொல்வதுபோல் சொன்னாள். பூட்டு மேடம் "ஆமாம்மா" என்றாள்.

"இங்கே வேற யாராவது இருக்காங்களா? எனக்கு இன்னும் பேச வேண்டியிருக்கு. புகாரும் கொடுக்கலாம்னு தோணுது. ஆனா உங்ககிட்ட முடியாது."

"இருக்காங்க. பக்கத்து அறை."

"அவங்ககிட்ட என்னைப் பத்தி நீங்க எதுவும் சொல்லக் கூடாது. ஒரு வார்த்தைகூட. நானே முதல்லேர்ந்து சொல்லிக்கிறேன்."

"சரிம்மா. சொல்ல மாட்டேன்."

சின்ன மேடத்தின் அறை வரை அவளைக் கொண்டுவிட்டாள். சின்ன மேடம் எழுந்து வந்து, முகம் மலர, "வாங்க, உக்காருங்க" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. பூட்டு மேடம் இந்தப் பக்கமே நின்றாள்.

அந்தப் பெண் எங்கே ஆரம்பிப்பாள் என்று அவளுக்குத் தெரியும். குளிர் அறை வரை வருவாள், அங்கே நடந்ததைத் தடங்கலில்லாமல் சொல்லியும் விடுவாள், கேட்கிறவருக்குத்தான் மூச்சு முட்டும். அவள் பேச்சு தடைப்படுவது அதற்கப்புறம். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவரும்போது முழங்கை பட்டு ஒரு தட்டு கவிழ்ந்து தரையெல்லாம் விதை சிதறியது. அவள் குனிந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டே, பின்னால் நின்ற அந்த ஆளைப் பார்த்து, "ஸாரி சார்" என்று சொன்னாள். அந்த ஸாரியைத்தான் அவளால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அந்த இடத்தில் யாரும் அவசரப்பட்டு "உன் தப்பு இல்லம்மா" என்று சொல்லிவிடக் கூடாது. பூட்டு மேடம் ஒருதரம் சொல்லிப் பார்த்து, அவள் சட்டென்று எழுந்து வெளியே போனதையும், திரும்பி வர நாளானதையும் பார்த்திருக்கிறாள். அங்கே பேசாமல் இருக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் அவளே அடுத்த வார்த்தைக்கு வருவாள்.

சின்ன மேடம் பேசாமல் இருக்க மாட்டாள். இளகிய மனசு, கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

கதவைத் தட்டி, சின்ன மேடத்தை அரை நிமிஷம் வெளியே கூப்பிட்டால் போதும். அங்கே மட்டும் பேசாதே என்று காதோடு சொல்லிவிடலாம். பூட்டு மேடத்தின் கை கதவு வரை போயிற்று.

"என்ன மேடம், உள்ள ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் முன்மேசை அம்மாள்.

கையை இறக்கிக்கொண்டாள்.

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."